கழிவுப் பொருளில் கட்டிப் பார்ப்பது: எது தாங்கும், எது தாங்காது

ஒரு கட்டடத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில பாரம் தாங்குகின்றன. சில இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சில மழையையும் வெயிலையும் மறைக்கின்றன. காலி பாட்டில், தேய்ந்த டயர், கிழிந்த பை, இடித்த கட்டடத்தின் செங்கல் ஆகியவற்றை வைத்துக் கட்டிப் பார்க்க நினைப்பவர், கையிலிருக்கும் பொருளுக்கு இந்த மூன்றில் எந்த வேலை என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். இத்தகைய முயற்சிகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகள், பொருளின் குணத்துக்கு ஒவ்வாத வேலையை அதன் தலையில் ஏற்றுவதால் வருபவை.

முயற்சி புதியதல்ல. நெதர்லாந்தின் ஹைனெக்கன் பீர் நிறுவனம் 1963-இல், குடித்து முடித்த பின் செங்கல்லாகப் பயன்படும் கண்ணாடி பாட்டிலைத் தயாரித்துப் பார்த்தது. கட்டடக் கலைஞர் ஜான் ஹாப்ராக்கன் வடிவமைத்த அந்தப் பாட்டில் சதுர உடம்பு கொண்டது. ஒன்றின் கழுத்து அடுத்ததன் அடியில் உள்ள குழிக்குள் போய் உட்காரும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மைக்கேல் ரெனால்ட்ஸ் 1970-களிலிருந்து மண் இடித்த டயர்களாலும் பான டப்பாக்களாலும் வீடுகள் கட்டிவந்தார். தாய்லாந்தின் சீசகெட் மாகாணத்தில் பச்சை, பழுப்பு பீர் பாட்டில்களால் எழுப்பிய புத்தர் கோயில் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கழிவுப் பொருள் மேலிருந்து அமுக்கப்படுகிறது, அவ்வளவுதான். எங்கும் அது உத்தரமாகக் குறுக்கே போடப்படவில்லை. அதை யாரும் வளைக்கவோ இழுக்கவோ இல்லை.

பிளாஸ்டிக்கின் குணங்கள்

பிளாஸ்டிக் வலுவானதா என்று கேட்டால், ஆம், எளிதில் உடையாது. ஆனால் விறைப்பு மிகக் குறைவு. பால் கேன், ஷாம்பு பாட்டில் ஆகியவை செய்யப்படும் ஹெச்.டி.பி.இ. வகை பிளாஸ்டிக்கின் விறைப்பு, நார் ஓடும் திசையில் மரத்துக்கு இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 10 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு ஹெச்.டி.பி.இ. பலகையை 60 செ.மீ. இடைவெளியில் இரு முனையிலும் தாங்கவைத்து, நடுவில் 10 கிலோ ஏற்றினால் சுமார் 7 மி.மீ. தொய்யும். அதே அளவு மரப்பலகை 1 மி.மீ.கூடத் தொய்யாது.

அதைவிட முக்கியமானது, அந்த 7 மி.மீ. அங்கேயே நிற்காது என்பது. பாரம் மாறாமல் இருந்தாலும் தொய்வு நாளுக்கு நாள் கூடும்; ஒரு வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். வெயிலில் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். பிளாஸ்டிக் அலமாரித் தட்டு சில மாதங்களில் குழிந்து போவதற்கு இதுதான் காரணம். தடிமனைக் கூட்டுவது நல்ல பலன் தரும்: தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும். அல்லது தாங்கும் புள்ளிகளை நெருக்கமாக வைக்கலாம். அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் 2009-இல் மறுசுழற்சி பிளாஸ்டிக்கால் கட்டிய பாலம் டாங்கியையே தாங்கியது உண்மைதான். அங்கே வார்த்தது வெறும் பிளாஸ்டிக் அல்ல; விறைப்பூட்டிய கலவையை, உத்தரத்துக்கு உரிய வடிவத்தில் ஆலையில் வார்த்திருந்தார்கள். வீட்டு முற்றத்தில் உருக்கி ஊற்றிய கட்டையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது, வெப்பத்தில் விரிவது. கான்கிரீட்டும் இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிபவை. அதனால்தான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக நிலைத்திருக்கின்றன. ஹெச்.டி.பி.இ. அவற்றைப்போல் பத்து மடங்குக்கு மேல் விரியும். 2 மீட்டர் நீளப் பலகை 30 டிகிரி சூடேறினால் 7 முதல் 12 மி.மீ. வரை நீளும். இரு முனையிலும் இறுக்கமாகத் திருகிவிட்டால் அது நடுவில் வில்லாக எழும்பும், அல்லது திருகைப் பிய்த்துக்கொள்ளும். எனவே ஒரு முனையை மட்டும் இறுக்கி, மற்ற இடங்களில் திருகு நகர இடம் தரும் நீள்துளை போட வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுவது நல்லது.

மூன்றாவது, தீ. ஹெச்.டி.பி.இ. போன்ற பாலித்தீன் வகைகள் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழும். இதற்கு மாற்று வழி எதுவும் இல்லை. உட்சுவரில் வைத்தால் குறைந்தது 15 மி.மீ. சிமெண்ட் அல்லது மண் பூச்சால் முழுக்க மூட வேண்டும். கூரையின் அடிப்பகுதி, படிக்கட்டு ஓரம், வெளியேறும் வழி, அடுப்புப் பக்கம் ஆகிய இடங்களில் பிளாஸ்டிக் பலகை வேண்டவே வேண்டாம்.

இன்னும் இரண்டு சிறிய விஷயங்கள். சிமெண்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அதைச் சுற்றி இறுகுமே தவிரப் பிடிக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலித்தீனையும் பாலிப்ரொப்பிலீனையும் வெளுத்து, பொடிந்து போகச் செய்யும். திறந்தவெளிப் பயன்பாட்டுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் அதிக நாள் வருவது, அதில் கலந்த கார்பன் தூள் கதிரைத் தடுப்பதால்தான். ஆனால் கறுப்பு அதிகம் சூடாகும், அதனால் அதிகம் விரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பிரித்தெடுப்பது

பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில். 2 ஹெச்.டி.பி.இ. 3 பி.வி.சி. 4 பைகள் செய்யும் எல்.டி.பி.இ. 5 பாலிப்ரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன். 7 மற்றவை.

எண் இல்லாவிட்டால் தண்ணீர் உதவும். ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் அமிழ்த்திவிடுங்கள். சோப்பு எதற்கென்றால், காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றாமல் இருக்க. 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 மூழ்கும். ஒரு லிட்டர் நீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து, மூழ்கியவற்றை அதில் போட்டால் பாலிஸ்டைரீன் மேலே வரும், பெட்டும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடக்கும். நுரைத்த பாலிஸ்டைரீன், அதாவது தெர்மாகோல், எதிலும் மிதக்கும் என்பதால் அதைக் கண்ணாலேயே ஒதுக்கிவிடலாம்.

தொடங்குபவருக்கு ஒரு கறாரான விதி போதும்: வெறும் நீரில் மூழ்கிய எதையும் சூடாக்காதீர்கள். பி.வி.சி. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது நுரையீரலையும் அரிக்கும், இரும்பு அச்சையும் அரிக்கும். பாலிஸ்டைரீனின் ஆவியும் தீங்கானது. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் அதன் மூலக்கூறு அறுந்து, ஆறியபின் கண்ணாடிபோல் நொறுங்கும். பெட் பாட்டிலை உருக்காமல் பாட்டிலாகவே பயன்படுத்துவதுதான் சரி. தீயில் கொளுத்தி வாசனை பார்த்து வகை கண்டுபிடிக்கும் பழக்கமும் வேண்டாம்.

மிதக்கும் மூன்றையும் ஒன்றாகக் கலந்து உருக்கலாமா? பாலித்தீனும் (எண் 2, 4) பாலிப்ரொப்பிலீனும் (எண் 5) உருகிய நிலையில்கூட முழுமையாகக் கலக்காது. கலந்து வார்த்த பலகை பார்க்க அழகாக இருக்கும். வளைத்தால் அடுக்கடுக்காகப் பிரியும். பலகைக்கு ஒரே வகை வேண்டும். மணலோடு சேர்க்கும் கட்டைக்கு ஓரளவு கலப்பு பரவாயில்லை.

பாட்டில் சுவர்

உருக்காமல் செய்யக்கூடியது, ஆரம்பிக்க ஏற்றது. 500 மி.லி. பெட் பாட்டில்கள், எல்லாம் ஒரே வடிவம். இரண்டு மூன்று வடிவங்களைக் கலந்தால் வரிசை மட்டம் போய்விடும், அதைச் சரிக்கட்டக் கலவையைக் கொட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே நன்கு காய்ந்த, 5 மி.மீ. சல்லடையில் சலித்த மணலையோ மண்ணையோ நிரப்ப வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போட்டு, குச்சியால் இடித்து, மீண்டும் போட்டு இடிக்க வேண்டும். நன்றாக இடித்த மணல் பாட்டில் 800 கிராம் அளவுக்கு வரும். 700-க்குக் கீழே இருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டு. மூடியை இறுக்கிவிட்டுப் படுக்கவைத்து மேலே ஏறி நின்றால் நசுங்கக் கூடாது.

மணலுக்குப் பதிலாகப் பைகளையும் உறைகளையும் திணிப்பவர்களும் உண்டு. அதற்கான நடைமுறை அளவு, ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.33 கிராம், அதாவது 500 மி.லி. பாட்டில் 165 கிராமாவது எடை இருக்க வேண்டும். இதற்குக் கீழே போனால் பஞ்சு மாதிரி அமுங்கும். திணிக்கும் பிளாஸ்டிக் கழுவி உலர்ந்ததாக இருக்க வேண்டும். உணவுப் பிசுக்கோடு அடைத்தால் உள்ளே நொதித்து வாயு சேரும், பாட்டில் உப்பும், மேற்பூச்சு வெடிக்கும். இவ்வகை பாட்டில் எடை குறைந்தது, எரியக்கூடியதும்கூட; தோட்டத்து இருக்கைக்கும் தாழ்ந்த தடுப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கட்டும்போது, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குக் கல் அல்லது செங்கல் பீடம் முதலில். அதன்மேல் பாட்டில்களைச் சுவரின் குறுக்காகப் படுக்கவைத்து, ஒன்றுக்கொன்று 1.5 செ.மீ. இடைவெளி விட்டு, இடையில் கலவை. அடுத்த வரிசை பாட்டில் கீழ்வரிசையின் இரண்டு பாட்டில்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். மூடிகள் எல்லாம் ஒரே பக்கம். ஒவ்வொரு வரிசையிலும் கழுத்துகளை நைலான் கயிற்றால் பின்னிக் கட்டினால், கலவை இறுகும்வரை உருளாது. ஒரு நாளில் 50 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாதீர்கள். ஈரக் கலவையின்மேல் உருண்டைப் பொருளை அடுக்கினால் கீழ் வரிசை பிதுங்கி வெளியே வரும். தூக்குக்குண்டை வரிசைக்கு வரிசை பிடித்துப் பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 6.5 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலை 1.5 செ.மீ. இடைவெளியில் அடுக்கினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 180 பாட்டில் பிடிக்கும். மீதி 40 சதவீதப் பரப்பு முழுக்கக் கலவை. 20 செ.மீ. தடிமனுக்கு அது 80 லிட்டர். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற விகிதத்தில் 22 கிலோ சிமெண்ட், பூச்சைச் சேர்க்காமலே. அதே பரப்பில் 23 செ.மீ. செங்கல் சுவருக்கு இதைவிடக் குறைவான கலவைதான் வேண்டும். ஆக, சிமெண்டில் கட்டும் பாட்டில் சுவர் சிமெண்டை மிச்சப்படுத்துவதில்லை. பாட்டில் சுவருக்கு உண்மையில் பொருத்தமானது மண் கலவை. களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, நறுக்கிய வைக்கோல் கொஞ்சம். உங்கள் மண்ணுக்கு எந்த விகிதம் சரி என்பதை, வெவ்வேறு விகிதத்தில் உள்ளங்கை அளவு வில்லைகள் செய்து நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெடிக்காதது எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்தச் சுவர் மூலையில் பலவீனமானது. செங்கல்லைப்போல் பாட்டிலைத் திருப்பிவைத்துப் பின்ன முடியாது. எனவே மூலைகளிலும், நேர்ச்சுவரில் 3 மீட்டருக்கு ஒன்றாகவும் செங்கல் அல்லது கான்கிரீட் தூண் வேண்டும். பாரம் அந்தத் தூண்கள் வழியே இறங்க வேண்டும். வளைந்த சுவர், வட்டத் தொட்டி ஆகியவை தாமாகவே நன்றாக நிற்கும். பாட்டில் முனைகள் வழுவழுப்பானவை, பூச்சு பிடிக்காது என்பதால், இரு பக்கமும் கோழிக்கூண்டு வலையை கம்பியால் கோத்துக் கட்டி, அதன்மேல் இரண்டு கை பூச்சு. தூணும் பாட்டிலும் சேரும் கோட்டில் வலை இரு பக்கமும் 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், விரிசல் முதலில் வருவது அங்கேதான். சிமெண்ட் பூச்சென்றால் ஏழு நாள் நனைக்க வேண்டும்.

மணலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கட்டை

இதில் பிளாஸ்டிக் பசையாக வேலை செய்கிறது. பாரத்தை மணல் தாங்குகிறது. நடைபாதைக் கட்டைக்குப் பொருத்தமானது. எடைக் கணக்கில் பிளாஸ்டிக் ஒன்றுக்கு மணல் மூன்று என்று ஆரம்பிக்கலாம். 20 க்கு 10 க்கு 6 செ.மீ. கட்டைக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகமான எல்.டி.பி.இ. பை, 1.6 கிலோ மணல்.

மணலை வறுத்துத் தனியாகச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈர மணல் உருகிய பிளாஸ்டிக்கில் பட்டால் நீராவி வெடித்துத் தெறிக்கும். தப்பித்தாலும் கட்டைக்குள் குமிழ்கள் நிற்கும். தடித்த இரும்புப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத் துண்டுகளைப் போட்டு, 150 முதல் 180 டிகிரிக்குள் உருக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. புகை எழுந்தால் சூடு எல்லை மீறிவிட்டது என்று பொருள்: பிளாஸ்டிக் உருகவில்லை, எரிந்து சிதைகிறது. பிறகு சூடான மணலைச் சேர்த்து, ஒரு மணல் துகள்கூட வெறுமையாகத் தெரியாமல் போகும்வரை கிளற வேண்டும். கலவை ஊற்றும்படி இருக்காது, கெட்டியான மாவுபோல் இருக்கும். எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் திணித்து, மூடிபோட்டு அமுக்கி, பாரத்தோடே ஆறவிடுங்கள். பாரம் இல்லாமல் ஆறினால் நடுப்பகுதி கடைசியாகச் சுருங்கி மேலே குழி விழும். நீரில் போட்டுத் திடீரென்று ஆற்றினால் உள்ளே விரிசல் ஓடும்.

பொலபொலவென்று ஓரம் உதிர்ந்தால் மணல் அதிகம், அல்லது மணல் போதிய சூட்டில் இல்லை. வெயிலில் கால்வைத்தால் அமுங்கினால் பிளாஸ்டிக் அதிகம்.

வேலை முழுவதும் திறந்தவெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும். துணி முகமூடி தூசைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். தோல் கையுறை, பருத்தி உடை, மூடிய காலணி. பாத்திரத்தில் தீப்பிடித்தால் மூடிபோட்டு மூடுங்கள், அல்லது காய்ந்த மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் பிளாஸ்டிக் மேலே தெறிக்கும்.

அழுத்திய பலகை

துருவிய ஹெச்.டி.பி.இ.யை அச்சில் பரப்பி, மின் அடுப்பில் 190 முதல் 200 டிகிரியில் வைத்து, இறுக்கி, ஆறவிடுவது. இந்த அடுப்பில் பிறகு சமைக்கக் கூடாது. 50 க்கு 50 செ.மீ., 1 செ.மீ. தடிமன் பலகைக்கு 2.4 கிலோ கணக்கு வரும்; ஓரத்தில் பிதுங்குவதற்கும் சேர்த்து 2.5 கிலோ போடுங்கள். நடுப்பகுதிக்குச் சூடு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் உள்ளே துருவல் துருவலாகவே இருந்து, அறுக்கும்போது உதிரும்.

ஆறும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். 50 செ.மீ. அச்சிலிருந்து 48.5 முதல் 49 செ.மீ. பலகைதான் வெளிவரும் என்பதால் அச்சைப் பெரிதாகச் செய்துகொள்ளுங்கள். அச்சை இறுக்கிய திருகுகளை, ஆற ஆற இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டே வந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு எடுத்த பலகை அப்பளம்போல் வளையும், பிறகு அதை நிமிர்த்த முடியாது. அறுக்கும்போது விழும் தூளைக் கூட்டி மீண்டும் அச்சில் போடுங்கள். மண்ணில் விழுந்தால் அது அங்கேயே தங்கிவிடும்.

கான்கிரீட்டிலும் தாரிலும்

துருவிய பிளாஸ்டிக்கை மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போடலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். ஒட்டாத பொருள் என்பதால் ஒவ்வொரு துண்டும் கான்கிரீட்டுக்குள் ஒரு சிறு ஓட்டைக்குச் சமம். அளவு கூடக்கூட வலு இறங்கும். பாரம் தாங்கும் எதிலும் வேண்டாம்.

தாரில் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே பிளாஸ்டிக் உருகி ஒட்டுகிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், சுமார் 160 டிகிரி சூடான ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மெல்லிய உறையாகிறது. பிறகு தார் சேர்க்கப்படுகிறது. பிளாஸ்டிக்கின் அளவு தாரின் எடையில் 5 முதல் 10 சதவீதம்தான். உறை போட்ட ஜல்லி நீரை உறிஞ்சாது, தாரையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்திய சாலைப் பேராயம் 2013-இல் இதற்கு வழிகாட்டு விதிகளே வெளியிட்டது. ஒட்டும் வேலையைக் கொடுத்ததால் பிளாஸ்டிக் இங்கே பயன்பட்டது.

மற்ற பழைய பொருள்கள்

செங்கல்லில் எளிய சோதனை: இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், ஒரு நாள் நீரில் ஊறியபின் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுத்தமாகக் கழன்றுவரும். சிமெண்ட் கலவையில் கட்டியதைப் பிரித்தால் பாதி உடையும். அதை உடைத்து அடித்தளத்துக்குக் கீழே போடும் துண்டாக்கிவிடுங்கள்.

சரக்குத் தட்டு மரங்களில் முத்திரை இருக்கும். ஹெச்.டி. (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு நச்சு வாயு ஏற்றியது, விட்டுவிடுங்கள்.

உடைத்த கண்ணாடியைக் கான்கிரீட்டில் ஜல்லிபோலப் போட்டால், சிமெண்டின் காரமும் கண்ணாடியின் சிலிக்காவும் சேர்ந்து ஊதும் பசை உண்டாகி, சில ஆண்டுகளில் விரிசல் விடும். முகப்பவுடர் மாதிரி நுண்ணியதாக, 75 மைக்ரானுக்குக் கீழே அரைத்தால் அதே கண்ணாடி சிமெண்டுக்குத் துணையாகிறது.

டயர் சுவருக்கு ஒரே எச்சரிக்கை, உழைப்பு. ஒரு கார் டயருக்குள் சம்மட்டியால் இடித்து நிரப்பும் ஈர மண் 130 கிலோவுக்கு மேல் போகும்; இடித்தபின் நகர்த்த முடியாது என்பதால் இருக்கும் இடத்திலேயே வைத்து இடிக்க வேண்டும். மண் சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவருக்கு இதைவிடப் பொருத்தமான கழிவுப் பொருள் குறைவு.

பழைய நெளிவுச் சிமெண்ட் அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள். இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பது

எதைச் செய்தாலும் ஆறு மாதிரியாவது செய்து, மூன்றை வெயில் மழையில் போட்டு, மூன்றை நிழலில் வையுங்கள். பலகையென்றால் முன்பு சொன்ன 60 செ.மீ. இடைவெளியில் 10 கிலோ ஏற்றி, ஏற்றியவுடன், ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, ஏழு நாள் கழித்து நடுவில் தொய்வை அளந்து எழுதுங்கள். ஏழாம் நாளும் ஏறிக்கொண்டே இருந்தால் தடிமனைக் கூட்டுங்கள் அல்லது தாங்கலை நெருக்குங்கள். கட்டையென்றால் இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் நீரில் ஊறவைத்து எடை பாருங்கள். ஊறி எடை ஏறினால் உள்ளே ஓட்டை இருக்கிறது.

முதல் கட்டுமானம் விழுந்தாலும் யாருக்கும் அடிபடாத ஒன்றாக இருக்கட்டும்: நடைபாதை, செடித்தொட்டி, முழங்கால் உயரச் சுற்று, உட்காரும் திண்ணை. தலைக்கு மேலே வரும் எதற்கும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு வேண்டும்.

பலகை அச்சின் அடித்தட்டில் பிளாஸ்டிக் வகையின் எண்ணைத் திருப்பி வெட்டிவையுங்கள். ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும் அது புடைப்பாகப் பதியும். பலகைகளைப் பசையால் ஒட்டாமல் துருப்பிடிக்காத திருகால் பொருத்துங்கள். பின்னால் அதைக் கழற்றுகிறவருக்கு எதை எதோடு சேர்த்து உருக்கலாம் என்பது அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிடும்.